தம்பியின் முறை

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இதில் எழுதப்போவது எங்கள் சொந்தத்தில் நான்கு பேருக்கு மேல் தெரியாது. அந்த நான்கு பேரும் வெளியில் சொல்லும் ஆட்களும் இல்லை. நானும் சொல்லாமல் விட்டால் நல்ல மனிதன் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்துவிடுவேன். அது நியாயமில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து நகரப் பேருந்தில் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர். எங்கள் ஐயா, அப்பாவின் அப்பா, கட்டிய வீடு எனக்கும் என் தம்பிக்கும் பாகமாக வந்தது. வாசலிலிருந்து பார்த்தால் வலக்கைப் பக்கத்து அறைகள் என்னுடையவை, இடக்கைப் பக்கம் அவனுடையவை. நடுவில் இருக்கும் முற்றமும் முகப்பும் பொது. எங்கள் சமூகத்தில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அவன் ஒரு தனிப் புள்ளி. அவனுக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரே கூரையின் கீழ் இருப்போம். சோறு மட்டும் தனித்தனி. சண்டை வராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலம் கற்பித்தேன். தம்பி எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்டான். மோட்டார் பம்பு உதிரி பாகங்கள் விற்கும் சிறிய கடை ஒன்றைப் பல வருஷம் நடத்தி மூடினான். நான் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய வருஷம்தான் அவன் கடையும் மூடப்பட்டது. வீட்டை விருந்தினருக்கு விடலாம் என்ற யோசனையை முதலில் சொன்னவன் அவன்.

"வெள்ளைக்காரவுக எல்லாம் நம்ம வீட்டு வாசல்ல நின்னு படம் புடிச்சுட்டுப் போறாக. உள்ள கூப்புட்டு ஒரு வாய்ச் சோறு போட்டா என்னண்ணே? தங்கிட்டுத்தான் போகட்டுமே."

எனக்கும் பிடித்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் நடத்தினால் உரசல் வரும் என்று நான்தான் முறை வைக்கச் சொன்னேன். கோயில் காரியத்துக்கு எங்களுக்குள் வருஷ முறை உண்டு. அதே போல ஆடியிலிருந்து ஆனி வரை ஒரு வருஷம் என் முறை, அடுத்த வருஷம் அவன் முறை. முறைக்காரனிடம் முகப்புச் சாவி இருக்கும். விருந்தினரை வரவேற்பதும் சோறு போடுவதும் ஊரைச் சுற்றிக் காட்டுவதும் அவன் வேலை. மற்றவன் தன் பக்கத்தோடு இருந்துகொள்ள வேண்டும். ஒன்றுக்கு மட்டும் முறை வைக்கவில்லை. கணினியில் வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும், பதிவுகளைப் பார்ப்பதும் எந்த வருஷமும் என் பொறுப்பு.

"எனக்கு இங்கிலீசுல நாலு வார்த்தை எழுத வராது. அதை நீங்களே பாத்துக்கிடுங்கண்ணே" என்றான். அவன் என்னை நம்பி விட்டது அந்த ஒன்றைத்தான்.

முதல் வருஷம் என் முறை. நான் நன்றாகவே தயார் செய்திருந்தேன். வீட்டின் வரலாற்றை எட்டுப் பக்கத்தில் எழுதி வைத்தேன். தேக்கு எங்கிருந்து வந்தது, ஆத்தங்குடித் தளம் எப்போது போடப்பட்டது, எல்லாம் அதில் இருந்தது. வருபவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம் என்று கேள்விப்பட்டு ஒரு பிரெஞ்சுப் பாடப்புத்தகமும் வாங்கிப் படித்தேன். அவர்களிடம் பிரெஞ்சில் பேசினால் அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் தம்பியின் முறை. அவனுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. தமிழிலேயே பேசினான். "இங்குட்டு வாங்க, தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க" என்பான். அவர்கள் குனிந்து வந்தார்கள். திங்கட்கிழமைச் சந்தைக்கு நகரப் பேருந்தில் கூட்டத்தோடு கூட்டமாக அழைத்துப் போனான். ஆத்தங்குடியில் தளக்கல் போடும் பட்டறையில் குழந்தைகளை உட்கார வைத்து, கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றச் சொன்னான். அவன் மனைவி விருந்தினரை அடுக்களைக்குள்ளேயே விட்டுவிட்டாள். அவர்கள் வெள்ளைப் பணியாரம் ஊற்றிப் பழகினார்கள். எண்ணெயில் பணியாரம் புரண்டு மேலே வரும்போதெல்லாம் அடுக்களையில் எழும் சிரிப்பு, முற்றத்தைத் தாண்டி என் அறைக்குக் கேட்கும்.

நான் கதவைச் சாத்திக்கொள்வேன். பிறகு என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் திறந்து வைப்பேன்.

"புழுக்கமா இருக்கா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்லை."

"இருக்கும். வெயிலு அங்குட்டுல்ல அடிக்குது, இங்குட்டுப் புழுங்குது."

அவளுக்கு எல்லாம் தெரியும். முப்பத்தாறு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள்.

முகப்பில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தோம். போகும்போது விருந்தினர் அதில் எழுதிவிட்டுப் போவார்கள். பிரெஞ்சில் எழுதியிருந்தால் கைப்பேசியில் மொழிபெயர்த்து வாசிப்பேன். தம்பியைப் பற்றியும் அவன் மனைவியின் கைப்பக்குவத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருந்தது. என் முறையில் தங்கிய ஒரு தம்பதி என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்கள். "மூத்த சகோதரர் வீட்டின் வரலாற்றை விளக்கினார். விளக்கம் மிக முழுமையாக இருந்தது." நான் அதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முழுசாச் சொன்னீகள்ல, முழுசாத்தான் எழுதியிருக்காக" என்றாள்.

தம்பியின் முதல் முறையில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அவர்களும் எங்கள் தொழில்தான். பிரான்சின் தெற்கே ஒரு சிற்றூரில், தங்கள் பழைய பண்ணை வீட்டில் பாதியை விடுமுறைக்கு வருபவர்களுக்கு விடுகிறார்கள். அந்தப் பெண்மணியும் என் தம்பி மனைவியும் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. விரிப்பில் விழும் கறை, உடையும் கோப்பை, போகும்போது விளக்கை அணைக்காத விருந்தாளி என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். ஒருத்தி தமிழில், இன்னொருத்தி பிரெஞ்சில். நடுவில் மொழிபெயர்க்க நான் போனேன். இரண்டு பேரும் மரியாதைக்கு எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பேச்சு நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, மறுபடி தம்பியின் முறையில், அவர்கள் மறுபடி வந்தார்கள். அதன் பிறகு தொற்றுநோய் ஊரடங்கில் வீடு பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகு ஒரு வருஷம் என் முறை ஓடியது. அடுத்தது தம்பியின் முறை. அந்த வருஷம் ஐப்பசியில் அந்தப் பெண்மணியின் கடிதம் கணினிக்கு வந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வர விரும்புகிறோம் என்று எழுதியிருந்தாள். அதோடு ஒரு வேண்டுகோள். "உங்கள் தம்பியிடமும் அவர் மனைவியிடமும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் குதிரை லாயத்துக்கு மேலே ஒரு சிறிய அறை இருக்கிறது. வசந்தத்தில் அதை யாருக்கும் விடாமல் அவர்களுக்காக வைத்திருப்போம். விருந்தினரை உபசரிப்பதை நாங்கள் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டோம். எங்களுக்குத் திருப்பிச் செய்ய ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்."

முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். கடல் தாண்டி எந்த நாட்டுக்கும் போனதில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை. அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பிறகு பதில் எழுதினேன். வீட்டின் கூரையில் பழுது பார்க்கும் வேலை நடக்கிறது, இந்தக் குளிர்காலத்தில் யாரையும் தங்கவைக்க இயலாது, அடுத்த வருஷம் அவசியம் வாருங்கள். அடுத்த வருஷம் என் முறை. நல்ல ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதினேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஒரு கடிதத்தோடு போயிருக்கும். பதிவுப் பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. தொட்டால் சாம்பல் நிறமாகிவிடும். அந்தத் தேதியை யாரும் கேட்க முடியாது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எல்லா மாதத்தையும் தொட்டேன். சந்தேகம் வராமல் இருக்க அங்கங்கே இரண்டு மூன்று நாட்களை விட்டுவைத்தேன். எல்லாம் முடித்தபோது பக்கத்தில் இருந்த காப்பி இன்னும் சூடாகவே இருந்தது.

தம்பி ஒன்றும் அறியாமல் வேலை பார்த்தான். கிணறு தூர்வாரினான். புதுக் கொசுவலை வாங்கிக் கட்டினான். தலையணை உறைகளையும் விரிப்புகளையும் வாரம் ஒரு முறை வெளுக்கப் போட்டான். காலையில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முகப்பில் வந்து நிற்பான். ஒரு கார் தெருவில் திரும்பினால் எட்டிப் பார்ப்பான். அது பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கும் விடுதிக்குப் போகும்.

"யாருமே கேக்கலையாண்ணே?"

"இந்த வருஷம் எல்லா இடத்திலயும் மந்தமாம்" என்றேன்.

"அங்க மட்டும் காரு வந்துக்கிட்டே இருக்கு."

"அது விடுதி. விளம்பரம் பண்ணுறாங்க."

தலையாட்டினான். அவன் சோர்ந்து போனதைப் பார்க்க எனக்கு உள்ளே ஒரு நிறைவு இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இருந்தது. அவன் பக்கத்து அடுக்களையில் சிரிப்புச் சத்தம் இல்லாத அந்த மார்கழியில் நான் நன்றாகத் தூங்கினேன்.

தைப் பொங்கலுக்கு முற்றத்தில் புள்ளிக்கு ஒரு பானையாக இரண்டு பானைகள் வைத்தோம். பொங்கி இறக்கிய பிறகு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். போன முறை ஒருத்தருக்கு வயித்துக்கு ஒத்துக்கிடாமப் போச்சுல்ல. அதை யாராச்சும் எழுதிப் போட்டிருக்காகளா? இவ சமையலைப் பத்தி எதுவும் தப்பா இருக்கா? இருந்தா மறைக்காமச் சொல்லுங்க."

எதுவும் இல்லை. அவளுடைய சமையலைப் பற்றி ஒருவர்கூட ஒரு குறை எழுதியதில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் பலமுறை வாசித்தவன் நான்.

பானையில் வழிந்திருந்த நுரையைத் துணியால் துடைத்தேன். பிறகு, "அதை எல்லாம் பெரிசா எடுத்துக்காதே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய்யென்று யாரும் பிடிக்க முடியாத சொல். அவன் முகம் மாறியது. எழுந்து தன் பக்கம் போனான். தட்டியின் மறைவில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு அவர்கள் அடுக்களையிலிருந்து மசாலா வறுக்கும் வாசனை குறைந்தது. விட்டுவைத்த நாட்களில் ஒரு பெங்களூர்க் குடும்பம் வந்தது. அவர்களுக்குப் பரிமாறும்போது அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லா இருக்கா, காரம் அதிகமா?" என்று நாலு தடவை கேட்டாள். அவர்கள் போன பிறகு இலையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று குனிந்து பார்த்தாள். பங்குனியில் மூட்டை கட்டினார்கள். மகள் ஓசூரில் இருக்கிறாள். அங்கே போகிறோம் என்றான் தம்பி. முகப்புச் சாவியை என் கையில் கொடுத்தான்.

"மிச்ச முறையையும் நீங்களே பாத்துக்கிடுங்க. இனி எங்களுக்கு முறை வேணாம்."

"என்னப்பா திடீர்னு?"

"இவளுக்கு முடியலைண்ணே. வந்தவுகளுக்கு முன்னால நிக்கவே கூச்சமா இருக்குங்குறா."

வீடு முழுக்க என் கைக்கு வந்தது. ஒரு சமையற்காரரை வைத்தேன். சாம்பல் கட்டங்களை எல்லாம் திறந்துவிட்டேன். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு, நான் கூப்பிட்டபடியே, பிரெஞ்சுக் குடும்பம் வந்தது. காரிலிருந்து இறங்கியதும் இரண்டு பெண்களும் இடக்கைப் பக்கம் ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பி தன் மகள் வீட்டில் இருக்கிறான் என்றேன். கணவர் அண்ணாந்து பார்த்து, கூரையில் எந்தப் பகுதியைப் பழுது பார்த்தீர்கள் என்று கேட்டார். அவரும் பழைய வீட்டுக்காரர், அக்கறையாகத்தான் கேட்டார். நான் கிழக்கு மூலையைக் காட்டினேன். அங்கே பழைய ஓடுகள் பாசி படிந்து கிடந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பெட்டியை இறக்கப் போனார்.

ஆறு நாள் என்று பதிந்தவர்கள் நாலாம் நாள் கிளம்பினார்கள். என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண்மணி என்னிடம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். என் தம்பி மனைவி சொல்லிக்கொடுத்த பலகாரங்களைத் தன் வீட்டில் செய்து, படம் எடுத்து ஒட்டியிருந்தாள். பணியாரம், கந்தரப்பம், கத்தரிக்காய்க் கோசுமல்லி. கருகிப்போன பணியாரத்துக்கும் ஒரு படம் இருந்தது.

"இதை அவளிடம் சேர்த்துவிடுங்கள். அழைப்புக்கு அவர்கள் பதிலே சொல்லவில்லை. ஏதாவது மனவருத்தமா?"

"யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன்.

அவள் என் கண்ணைப் பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. நன்றி சொல்லிக் காரில் ஏறினாள்.

மனைவி அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "என்ன அழைப்பு?"

சொன்னேன். கூரை, கட்டங்கள், பொங்கலன்று சொன்ன வார்த்தை எல்லாவற்றையும். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். நோட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

"தபால்ல அனுப்பிடாதீக. நேராப் போய்க் குடுங்க."

போனேன். ஓசூரில் மகள் வீடு மூன்றாம் மாடியில். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். தம்பி என்னைக் கண்டதும் எழுந்து பையை வாங்கிக்கொண்டான். "சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேன்ல" என்றான். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் தொடர முடியாது என்று பயம். கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

தம்பி அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்தான். பிறகு லேசாகச் சிரித்தான்.

"எனக்குப் பாஸ்போட்டே கெடையாதேண்ணே. நான் எங்கிட்டுப் போகப் போறேன்."

அவன் மனைவி நாற்பது வருஷமாக என்னிடம் நேராகப் பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தம்பியிடம் சொல்வதுபோலச் சொல்வாள். அன்று அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்தே பேசினாள்.

"அந்தத் தைக்குப் பெறகு நான் மொளகாயைக் கொறைச்சுக் கொறைச்சு வச்சேன். எங்கன கைத்தப்பு வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தேன். புளி அதிகமா, எண்ணெய் அதிகமான்னு. எங்க ஆத்தா சொல்லிக்குடுத்த பக்குவமே தப்போன்னு நெனச்சேன். இங்க எம் மக வீட்டுக்கு ஆளு வந்தாக்கூட நான் சமைக்கிறது இல்லை. கடையில வாங்கிடுங்கன்னு சொல்லிடுறேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். நோட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு வந்த ஒருவனைச் சாப்பிடச் சொல்லாமல் அவள் அனுப்பியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

படி இறங்கி வழியனுப்ப வந்த தம்பி சொன்னான். "ஆடியில எங்க முறைதான வருது. நான் வாரேன். கம்ப்யூட்டரை மட்டும் எம் மக பாத்துக்கிடும்."

"இன்னும் ஆறு மாசம் இருக்கே. இப்பவே வாயேன்."

"இப்ப உங்க முறைண்ணே" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆடி ஒன்றாம் தேதி வந்தான். தனியாகத்தான் வந்தான். என் மனைவி சாப்பாடு கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்பிவிட்டான். தன் பக்கத்து அடுப்பைத் தானே பற்ற வைத்து ரசமும் அப்பளமும் வைத்துக்கொண்டான். விருந்தினருக்குச் சமைக்கத் திருப்பத்தூரிலிருந்து ஒரு அம்மாள் வருகிறார். தம்பி பழையபடி சந்தைக்கும் பட்டறைக்கும் அழைத்துப் போகிறான். பழையபடி சிரிப்புச் சத்தம் கேட்கிறது. எனக்கு இப்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது. திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

போன மாதம் அந்தப் பிரெஞ்சுப் பெண்மணி சொல்லி அனுப்பிய தோழிகள் இருவர் வந்தார்கள். முதல் நாள் சாப்பிட்டு முடித்ததும், பணியாரம் சொல்லிக்கொடுக்கும் அம்மா எங்கே என்று தம்பியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவரைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வந்தோம் என்றார்கள். கேள்வி தம்பிக்குப் புரிந்துவிட்டது. முற்றத்தின் இந்தப் பக்கம் நான் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன்.

"எங்க அண்ணன் சொல்லுவாக" என்று தமிழில் சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த அம்மா இங்கே வராததற்கு நான்தான் காரணம் என்றேன். அவர்கள் எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள். மேலே சொல்லுங்கள் என்பதுபோலப் பார்த்தார்கள். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அந்த ஐப்பசிக் கடிதத்திலிருந்து தொடங்கினேன்.